ஒரு வாக்கியத்தின் சொந்த ஊர்

"எங்கே தொடங்குறதுன்னு தெரியல மேடம்."

பொன்னுலிங்கம் தோளில் தொங்கிய பையை இறக்கி மேசைமேல் வைத்தார். மேசை ஒருமுறை ஆடி நின்றது.

அவர் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். ஓய்வுபெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்தார்.

எதிரே இருந்தவர் பேராசிரியை ரஹ்மத் நிஸா, அவருடைய நெறியாளர். மாணவரைவிட நெறியாளருக்கு வயது குறைவு. அதனால் நெறியாளர் மாணவரை 'சார்' என்று கூப்பிட்டார்.

"பையில என்ன சார்?"

"கட்டுரைங்க. லிட்ரேச்சர் ரிவ்யூவுக்கு."

இந்தப் பொருளைப் பற்றித் தனக்கு முன்னால் யார் யார் என்ன கண்டார்கள் என்று தொகுத்து எழுதும் அத்தியாயம் அது. அது முடியாமல் ஆய்வேட்டில் மற்றது எதுவும் நகராது.

"படிச்சீங்களா?"

"ஒண்ணு விடாமப் படிச்சேன். எழுத உட்கார்ந்தா ஒரு வரி வரமாட்டேங்குது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுக்கிறார். அவரை வேறொருத்தர் மறுக்கிறார். இதுல எதைப் பிடிச்சுத் தொடங்க?"

ரஹ்மத் நிஸா பையைத் திறந்து பார்க்கவில்லை.

"யாருமே மறுக்காதது ஏதாவது இருக்கா?"

பொன்னுலிங்கம் யோசிக்கவே இல்லை.

"இருக்கு. கூரைமலையில வேங்கை மரக் கன்னு வளராமப் போனதுக்கு ஆடுங்கதான் காரணம். எல்லாக் கட்டுரையிலும் இந்த ஒரு வரி இருக்கு."

"யார் பார்த்தது?"

"மேடம்?"

"ஆடு கன்னைத் தின்னதை யார் பார்த்தது?"

பொன்னுலிங்கம் பைக்குள் கையை விட்டு ஒரு கட்டுரையை எடுத்தார். போன வருடம் வந்தது. "இவர்."

"இவர் பார்த்தாரா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் தேடினார். 'கூரைமலையின் வேங்கைக் கன்றுகளை ஆடுகள் அழித்தன என்பது அனைவரும் அறிந்ததே.' வரியின் முடிவில் ஒரு சிறிய எண் இருந்தது. அந்த எண் கடைசிப் பக்கத்தில் வேறொருவர் பெயருக்கு அழைத்துப் போனது.

"இவர் இன்னொருத்தரைக் காட்டுறார்."

"அப்போ அவர்கிட்டப் போய்ட்டு வாங்க."

ரஹ்மத் நிஸா தன் முன்னால் இருந்த விடைத்தாள்களைத் திருத்தத் தொடங்கினார்.

*

பொன்னுலிங்கத்தின் ஆய்வு கூரைமலையைப் பற்றியது அல்ல. பக்கத்தில் இருக்கும் நரிப்பாறை மலையைப் பற்றியது.

கூரைமலையில் ஆடு மேய்ப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தடை வந்துவிட்டது. நரிப்பாறைக்கும் அதே தடையைக் கொண்டுவரலாமா என்று இப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. கொண்டுவர வேண்டும் என்பது பொன்னுலிங்கத்தின் கட்சி. அதைத் தன் ஆய்வு நிறுவும் என்று நம்பினார்.

அவருக்கு மரங்கள்மேல் பிரியம் அதிகம். ஆடுகள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று என்றால் மரம்தான்.

*

அடுத்த கட்டுரையைத் தேடி எடுப்பது எளிதாகவே இருந்தது.

அதில் 'அழித்தன என நிறுவப்பட்டுள்ளது' என்று இருந்தது. முடிவில் ஓர் எண்.

அதை ரஹ்மத் நிஸாவிடம் காட்டினார்.

"நிறுவப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கு மேடம்."

"யார் நிறுவினது?"

"இன்னொருத்தரைக் காட்டுறார்."

"ம்."

அவ்வளவுதான். பொன்னுலிங்கம் எழுந்து போனார்.

அந்த இன்னொருவரும் இன்னொருவரைக் காட்டினார்.

ஆய்வு மாணவர்கள் உட்காரும் அறையில் ஒரு பெண் இவரைப் பார்த்து இரக்கப்பட்டாள். "நீங்க ஏன் சார் இவ்வளவு கஷ்டப்படுறீங்க. முதல் கட்டுரையில இருக்கிற பத்தியை எடுத்து வார்த்தையைக் கொஞ்சம் மாத்திப் போட்டுருங்க. எண்ணையும் அப்படியே போட்டுருங்க. எல்லாரும் அப்படித்தான்."

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு சனிக்கிழமை அப்படியே எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார்.

ரஹ்மத் நிஸா அந்தத் தாள்களைக் கடைசி வரை படித்தார்.

"நல்ல தமிழ் சார் உங்களுக்கு."

"நன்றி மேடம்."

"இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"இதுல இருக்கிற யாரையாவது நீங்க சந்திச்சீங்களா?"

"கட்டுரையை எழுதினவங்களையா? எதுக்கு மேடம்? அவங்கதான் எழுதி வெச்சிருக்காங்களே."

ரஹ்மத் நிஸா தாள்களைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார்.

பொன்னுலிங்கம் அதை எடுக்கவில்லை. அவர் குரல் லேசாக ஏறியது.

"மேடம், நான் முப்பது வருஷமா பாடம் எடுக்கிறவன். சின்னப் பையன் இல்ல. எனக்கு இருக்கிறதே கொஞ்ச காலம். நான் ஆராய்ச்சி பண்ண வந்தேன். ஒரு வரிக்குப் பின்னாடியே போலீஸ்காரன் மாதிரி அலைய வரல."

ரஹ்மத் நிஸாவுக்குக் கோபம் வரவில்லை.

"டீ குடிச்சீங்களா?"

"இல்ல."

"வாங்க. குடிச்சிட்டுப் போய்த் தேடுங்க."

*

ஒவ்வொரு கட்டுரையாகப் பின்னோக்கிப் போகப் போக, அந்த வரி மெலிந்துகொண்டே வந்தது.

'அனைவரும் அறிந்ததே' என்பது 'நிறுவப்பட்டுள்ளது' ஆகியிருந்தது. அதற்கும் முன்னால் அது வெறும் 'ஆடுகளே காரணம்'.

'ஆடுகளே காரணம்' என்றது ஒரு குழுவின் அறிக்கை. கூரைமலையில் மேய்ச்சலைத் தடைசெய்யச் சொன்ன குழு அது. அந்த அறிக்கையின் பேரில்தான் ஆடுகள் மலையைவிட்டு இறங்கின.

பொன்னுலிங்கத்துக்கு நம்பிக்கை வந்தது. ஒரு மலையையே மூடச் சொன்னவர்கள் பார்க்காமலா சொல்லியிருப்பார்கள்.

அறிக்கையிலும் வரியின் முடிவில் எண் இருந்தது.

அந்த எண்ணுக்குரிய பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

ரஹ்மத் நிஸா. முனைவர் பட்ட ஆய்வேடு.

*

பல்கலைக்கழக நூலகத்தில் அந்த ஆய்வேடு இருந்தது. சிவப்பு அட்டை. எடுத்துப் படித்தவர்கள் அதிகம் இல்லை என்று தெரிந்தது.

அது ஆடுகளைப் பற்றியதே அல்ல. வேங்கை மரத்தில் வடியும் பாலில் என்னென்ன சத்துகள் இருக்கின்றன என்பதைப் பற்றியது. முழுக்கச் சோதனைச்சாலையில் செய்தது.

முன்னுரையில், ஒரு பத்தியின் நடுவே, அந்த வரி இருந்தது.

'கூரைமலையில் வேங்கை அருகி வருவதற்கு முதன்மைக் காரணம் ஆடுகள்.'

முடிவில் ஓர் எண்.

பொன்னுலிங்கம் ஆய்வேட்டை மூடி இருந்த இடத்தில் வைத்தார். பிறகு திரும்பி வந்து, வரிசையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் முதுகை உள்ளே தள்ளினார்.

அந்த எண் ஒரு பழைய கட்டுரைக்குப் போனது. அதில் 'பெரும்பாலும் ஆடுகளே காரணம்' என்று இருந்தது. அந்தக் கட்டுரை, தட்டச்சில் அடித்த ஓர் ஆய்வுக் குறிப்புக்குப் போனது. குறிப்பின் தாள்கள் பழுத்துப் போயிருந்தன.

அதில் இப்படி இருந்தது:

'கன்றுகள் காணப்படவில்லை. ஆடுகள் காரணமாக இருக்கலாம்.'

அங்கே எண் இல்லை.

வரி முடிந்து, புள்ளி வைத்து, வேறு பேச்சு தொடங்கியிருந்தது.

எழுதியவர் பெயர் ஞானாபரணம். விசாரித்ததில், நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.

*

ஞானாபரணம் வாசல் கதவைத் தானே திறந்தார். காது கொஞ்சம் மந்தம். வந்தவர் தன் குறிப்பைப் படித்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளவே நேரமானது. புரிந்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பொன்னுலிங்கம் அந்த வரியைப் படித்துக் காட்டினார்.

"நானா எழுதினேன்?"

"ஆமா சார்."

"இருக்கலாம்னுதானே போட்டிருக்கேன்?"

"ஆமா சார். இருக்கலாம்னுதான் இருக்கு."

பெரியவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"ஆடு தின்னதை நீங்க பார்த்தீங்களா சார்?"

"எங்கே பார்க்க? அன்னைக்கு ஒரே மழையாக்கும். ஜீப்பு பாதி ஏத்தத்துல பதிஞ்சு போச்சு. நாலு பேரு எறங்கித் தள்ளி, உடுப்பெல்லாம் சேறு. மேலே போகவே இல்ல."

"அப்போ கன்னு இல்லைன்னு எழுதினது?"

"பாதி வரைக்கும் இல்ல. அது நான் கண்ணால பார்த்தது."

"ஆடு?"

"கீழே எறங்கி வந்து டீக்கடையில ஒதுங்கினோம். அங்கே ஒருத்தன்கிட்ட, ஏம்ப்பா மேலே ஒரு கன்னுகூடக் காணலியே, என்ன காரியம்னு கேட்டேன். ஆடு தின்னிருக்கும், வேற என்னன்னான்."

"அவர் ஆடு மேய்க்கிறவரா?"

"அவன் டிரைவர். டீ குடிக்க வந்தவன். வேற ஊர்க்காரன்."

உள்ளேயிருந்து மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"சார், உங்க வரியை எத்தனை பேர் எடுத்து எழுதியிருக்காங்க தெரியுமா? அதை வெச்சு ஒரு மலையவே மூடிட்டாங்க."

ஞானாபரணம் காபியைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

"ஒருத்தரும் எங்கிட்ட வந்து கேக்கலியே. எனக்கு ஒரு கடுதாசிகூட வரலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ஜீப்பு பதிஞ்சு போச்சுன்னு."

"ஆமா சார்."

"இத்தனை வருஷத்துல நீங்கதான் வந்திருக்கீங்க."

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த பொன்னுலிங்கத்தின் தோளைத் தொட்டுக் கேட்டார்.

"அப்போ, ஆடு இல்லியா?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியாது," என்றார் பெரியவர்.

*

ரஹ்மத் நிஸாவின் அறையில் அன்று வேறு யாரும் இல்லை.

பொன்னுலிங்கம் நடந்ததை எல்லாம் சொன்னார். கடைசியில் வந்த கட்டுரையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெயராக, டீக்கடை டிரைவர் வரை. சொல்லும்போது குழு அறிக்கையிலிருந்து நேராக அந்தப் பழைய கட்டுரைக்குத் தாவினார்.

ரஹ்மத் நிஸா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"நடுவுல ஒருத்தர் குறையுறாரே."

பொன்னுலிங்கம் மேசையைப் பார்த்தார்.

"யார் சார்?"

"விடுங்க மேடம்."

"யாரு?"

"நீங்க."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட மட்டும் கேக்க மாட்டீங்களா?"

பொன்னுலிங்கம் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்க பார்த்தீங்களா மேடம்?"

"இல்ல."

"மலைக்குப் போனீங்களா?"

"இல்ல. வேங்கைப் பால் எனக்குப் புட்டியில வந்துச்சு. முன்னுரை ரெண்டு பக்கமாவது வரணும்னு எங்க சார் சொன்னார். ஒன்றரைப் பக்கம்தான் வந்துச்சு. எல்லாரும் எழுதுறதுதானேன்னு அதையும் எழுதினேன்."

"இது இப்படித்தான் முடியும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது. எங்கேயோ ஒருத்தர் பார்த்திருப்பார்னு நம்பிட்டிருந்தேன்."

பொன்னுலிங்கம் உட்கார்ந்தார்.

"நீங்க எழுதுங்க," என்றார் ரஹ்மத் நிஸா. "என் பேரோட எழுதுங்க."

"அதெப்படி மேடம்? நெறியாளர் பேரைப் போய்..."

"அத்தியாயத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போடணும். அந்தப் பேர் இல்லேன்னா போட மாட்டேன்."

பொன்னுலிங்கம் தலையாட்டினார். பிறகு அவருக்குள் ஏதோ பொங்கி வந்தது.

"அப்படீன்னா எவ்வளவு பெரிய அநியாயம் மேடம். ஒரு ஊரே ஆட்டை வித்துட்டு செங்கல் சூளைக்குப் போச்சு. ஆடுங்க ஒரு பாவமும் செய்யல. கன்னை ஆடு தின்னவே இல்ல."

"யார் பார்த்தது?" என்றார் ரஹ்மத் நிஸா.

*

மலையடிவாரத்தில் இருந்த தன் ஊருக்குப் போகும் பேருந்தில் பொன்னுலிங்கத்துக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

தடை வந்த வருடம் அவர் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் எடுத்தார். காடு அழியும் காரணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, எடுத்துக்காட்டுக்காக வெகுதூரம் போகவில்லை. ஜன்னல் வழியே கூரைமலையைக் காட்டினார். அந்த வரியைச் சொன்னார்.

ஒரு பெண் எழுந்து நின்றாள். பேச்சித்தாய். ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண்.

"எங்க ஆடா சார்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது.

"எல்லா ஆடும்தான். உட்காரு," என்றார் அவர்.

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. ஆட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள். பொன்னுலிங்கத்தின் மனைவி அங்கேதான் ரவிக்கை தைக்கக் கொடுப்பார். பொன்னுலிங்கம் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனார். உள்ளே போனதில்லை.

அன்று போனார்.

"வாங்க சார். அம்மா ப்ளவுஸ் இன்னும் முடியலியே. நாளைக்கு ஆயிரும்."

"அதுக்கு வரலம்மா. உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார். கட்டுரைகள், எண்கள் என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, அவளுக்குப் புரிகிற மாதிரி மறுபடி சுருக்கிச் சொன்னார்.

"அன்னைக்கு நான் வகுப்புல சொன்னதை யாருமே பார்த்ததில்ல. ஒருத்தர் சொன்னதைக் கேட்டு இன்னொருத்தர் எழுதி, அதைப் பார்த்து நான் சொல்லிட்டேன்."

பேச்சித்தாய் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு சார்."

"கேள்விப்பட்டேன்."

"கடைசி வரைக்கும் அவரு நம்ம ஆடுதான் தின்னுச்சுன்னு நெனச்சாரு. நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயி, பள்ளிக்கூடத்துல சார் இப்படிச் சொல்லுதாருன்னு அழுதேன். அவரு கோவப்படல. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காங்கன்னா பொய்யாவா இருக்கும், நாமதான் கவனிக்காம மேய்ச்சிட்டோம் போலன்னாரு. சூளையில கெடக்கும்போதும் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. நாம கவனிக்கல, நாம கவனிக்கலன்னு."

மன்னிப்பு என்ற சொல் பொன்னுலிங்கத்தின் வாய்வரை வந்தது. அது இந்தக் கடைக்குப் போதாது என்று பட்டது.

ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அப்ப எங்க ஆடு தின்னலியா சார்?"

"தெரியலம்மா."

"தெரியலியா?"

"தின்னிருக்கலாம். தின்னாமலும் இருந்திருக்கலாம். தின்னலன்னு சொல்லத்தான் எனக்கும் ஆசையா இருக்கு. ஆனா அதையும் யாரும் பார்க்கல."

பேச்சித்தாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் வகுப்பில் 'தெரியாது' என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியாது சார். நான் மலைக்குப் போனதே கம்மி. அப்பா என்னையப் படிக்கத்தான் அனுப்பிச்சாரு. ஆடு எதைக் கண்டாலும் கடிச்சுப் பார்க்கும். வேங்கையைக் கடிச்சுதா, கடிக்கலியா, எப்படிச் சொல்ல?"

அவள் சக்கரத்தை விட்டாள். ஒரு தையல் ஓடியது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியைத் திருப்பிப் போட்டபடி, வேறு எதையோ நினைத்துக்கொண்டவள் போலக் கேட்டாள்.

"ஆடு மலைய விட்டு எறங்கி இத்தனை வருசம் ஆயிருச்சே. இப்ப கன்னு வந்திருக்கா சார்?"

பொன்னுலிங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

பையில் இருந்த கட்டுரைகள் ஒவ்வொன்றாக மனசுக்குள் புரண்டன. தடைக்கு முன்னால் எழுதியவை. தடைக்குப் பின்னால் எழுதியவை. எல்லாவற்றையும் அவர் படித்திருந்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

*

"இப்ப கன்னு இருக்கா இல்லியான்னு அந்தப் பொண்ணு கேட்டா மேடம்."

"என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு வந்து ரவிக்கையை வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ரஹ்மத் நிஸா காத்திருந்தார்.

"ரெண்டு நாளா எல்லாத்தையும் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்," என்றார் பொன்னுலிங்கம். "தடை வந்த பிறகு கூரைமலையைப் பத்தி நிறையப் பேர் எழுதியிருக்காங்க. தடை நல்லதுங்கிறார் ஒருத்தர். கொடுமைங்கிறார் ஒருத்தர். அதே மாதிரி நரிப்பாறையையும் மூடணும்னு எழுத நானே வந்தேன். மேலே போய்க் கன்னு வந்திருக்கான்னு ஒருத்தர்கூட எழுதல."

"உங்க பள்ளிக்கூட ஜன்னல்ல இருந்து மலை தெரியும்னீங்களே."

"தெரியும். பச்சையாத் தெரியும். அது புல்லா, புதரா, வேங்கையான்னு இவ்வளவு தூரத்துல இருந்து சொல்ல முடியாது."

ரஹ்மத் நிஸா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். ஜன்னலருகே போய் நின்றார். அங்கிருந்து எந்த மலையும் தெரியாது. வாகனங்கள் நிறுத்தும் இடம்தான் தெரியும்.

திரும்பி வந்து, மேசையில் பரப்பியிருந்த விடைத்தாள்களை ஒன்றாக அடுக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"மலையடிவாரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு சார்?"

"விடிஞ்சதும் ஒண்ணு இருக்கு." பொன்னுலிங்கம் தயங்கினார். "மேடம், ஆடு போகாததால ஒத்தையடிப் பாதையெல்லாம் மூடிப் போயிருக்கும். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு நிக்கும். உங்களால ஏற முடியாது."

ரஹ்மத் நிஸா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"உங்க வீட்டுல அரிவாள் இருக்கா?" என்று கேட்டார்.